வயலின் வகுப்பில் ஆசிரியரின் கை எதுவரை வரலாம்?

கேள்வி: என் மகளுக்கு வயது 12. மூன்று ஆண்டுகளாகக் கர்நாடக வயலின் கற்கிறாள். பழைய ஆசிரியை ஊர் மாறிப் போனதால் இந்த ஆண்டு ஒரு புது ஆசிரியரிடம் சேர்த்தோம். வில் கோணலாகப் போகிறது என்று சொல்லி, அவளுக்குப் பின்னால் நெருங்கி உட்கார்ந்து, இரு பக்கமும் கைகளைச் சுற்றிக் கொண்டுவந்து பிடித்துச் சொல்லித் தருகிறார். அவளுக்கு அது பிடிக்கவில்லை. "சங்கீதம் கற்றுக்கொள்ளும் இடத்தில் இதெல்லாம் சகஜம், பெரிதுபடுத்தாதே" என்கிறார் என் மாமியார். உண்மையில் இது தேவையா? எது சரி, எது தவறு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தேவையே இல்லை. 31 ஆண்டுகளாக வயலின் சொல்லித் தருகிறேன். எந்த மாணவிக்கும் பின்னால் போய் உட்கார்ந்தது கிடையாது. உட்கார்ந்தால் எனக்கு ஒன்றும் தெரியாது. வில் குதிரைக்கு, அதாவது தந்திகளைத் தாங்கும் சிறு மரத்துண்டுக்கு, இணையாக ஓடுகிறதா, குதிரைக்கும் விரற்பலகைக்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பதற்கு எதிரில்தான் உட்கார வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் பின்னல் தெரியும், வில் தெரியாது.

கோணல் வில் எல்லாக் குழந்தைகளுக்கும் வருகிற தொல்லைதான். அதற்கு என் வீட்டில் இருக்கும் மருந்து ஓர் ஆளுயரக் கண்ணாடி. குழந்தையை அதன் முன் உட்காரவைத்து, திறந்த தந்தியில் நீளமாக வில் போடச் சொல்லுவேன். கோணலை அவளே பார்த்துவிடுவாள். வில் கட்டையில் நடுவிலும் இரு முனைகளுக்குச் சற்று உள்ளேயும் வண்ண நாடா ஒட்டினால் எங்கே தடம் மாறுகிறது என்பது பிடிபடும். இடது கையில் பிடி இறுகிவிடுகிறது என்றால், கட்டைவிரலுக்கும் வயலின் கழுத்துக்கும் நடுவே ஒரு துண்டுத் தாளைச் செருகச் சொல்லி, "வாசித்துக்கொண்டே இரு, நான் உருவுகிறேன்" என்பேன். தாள் வழுக்கி வந்தால் பிடி சரி. வராவிட்டால் அவளே சிரித்துவிடுவாள். இத்தனைக்கும் அவள் உடம்பில் என் கை படவேயில்லை.

தொடவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வில் பிடிக்கிற முதல் இரண்டு மூன்று வாரங்களில் சுண்டுவிரல் விறைத்துக்கொள்ளும், மணிக்கட்டு இறங்கிவிடும். அப்போது, "சுண்டுவிரலை வளைத்து வைக்கிறேன், தொடலாமா?" என்று கேட்டுவிட்டு, இரண்டு விரலால் தொட்டு, வைத்துவிட்டு எடுத்துவிடுவேன். விரல், மணிக்கட்டு, எப்போதாவது முழங்கை. அதற்கு மேல் போக எனக்குக் காரணம் கிடைத்ததில்லை. நம் வயலினில் தலைப்பகுதி வலது கணுக்காலில் தங்குகிறது, அடிப்பகுதி இடது காறை எலும்பை ஒட்டி மார்பின்மேல் பதிகிறது. அந்த இடத்தைச் சரிசெய்கிறேன் என்று ஆசிரியர் கை நீட்ட ஆரம்பித்தால் அதற்கு எல்லையே இராது. என் வயலினை என் மார்பில் வைத்துக் காட்டினால் குழந்தை பார்த்து வைத்துக்கொள்ளப்போகிறது. பன்னிரண்டு வயதில் உடம்பு மாறிக்கொண்டிருக்கும். எங்கே பதித்தால் வலிக்காது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

இந்தக் கேட்கும் பழக்கம் எனக்கு ஆரம்பத்திலேயே வந்துவிடவில்லை. முதல் பத்து ஆண்டுகள் நானும் சட்டென்று கையைப் பிடித்து இழுத்தவள்தான். ஒருநாள் ஒன்பது வயதுப் பையன் ஒருவன், நான் மணிக்கட்டைப் பிடித்ததும் உடம்பு முழுக்க ஒடுங்கிப்போனான். வில் கீழே விழுந்தது. எனக்கு முன் அவனுக்குச் சொல்லித் தந்தவர் பிழை விட்டால் தொடையில் கிள்ளுவாராம். அதை அவன் சொல்ல நான்கு மாதம் ஆயிற்று. என் கை நல்ல கைதான் என்று எனக்குத் தெரியும். அந்தப் பையனுக்கு அது எப்படித் தெரியும்? அன்றைக்குத் தொடங்கியது இந்தத் "தொடலாமா". "இன்றைக்கு வேண்டாம்" என்று ஒரு குழந்தை சொன்னால் அன்றைக்கு வாய் வார்த்தையால்தான் பாடம். முகம் சுளிப்பதில்லை, காரணம் கேட்பதில்லை.

பெண் குழந்தைகளைப் பற்றி மட்டும் இதை எழுதவில்லை என்பதற்காகவே அந்தப் பையனைச் சொன்னேன்.

மற்ற வாத்தியங்களையும் பாட்டையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன், இதே கேள்வியோடு வேறு பெற்றோரும் இருப்பார்கள். வீணையில் ஆசிரியர் தம் வீணையை வைத்துக்கொண்டு எதிரில் உட்காருவதே வழக்கம். தந்திக்குக் கீழே வரிசையாக இருக்கும் மெட்டுகளில் விரல் வைக்கும் இடத்தைத் தம் வீணையில் காட்டினால் போதும். புல்லாங்குழலில் உதட்டு நிலைக்குக் கைக்கண்ணாடி இருக்கிறது. உதட்டைத் தொட்டுக் காட்ட யாருக்கும் உரிமையில்லை. வாய்ப்பாட்டில் "அடிவயிற்றிலிருந்து பாடு" என்று சொல்லிக்கொண்டு வயிற்றில் கை வைப்பவர்கள் உண்டு. குழந்தையைத் தன் கையைத் தன் வயிற்றிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லலாம்; வீட்டில் பாயில் படுத்து, வயிற்றின்மேல் ஒரு புத்தகத்தை வைத்து, அது ஏறி இறங்குவதைப் பார்க்கச் சொல்லலாம். தாளத்தைத் தன் தொடையில் தானே போட வேண்டும். அடுத்தவர் தொடையில் போடுகிற தாளம் ஆதியிலும் இல்லை, ரூபகத்திலும் இல்லை.

"எதிரில் இருந்து சொன்னால் வராது, பிடித்துத்தான் சொல்லித் தர வேண்டும்" என்பவர்களுக்கு 2020ஆம் ஆண்டே பதில். ஊரடங்கு வந்தது, நாங்கள் எல்லோரும் கைப்பேசித் திரைக்கு மாறினோம். நியூஜெர்சியிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே பலர் அப்படிச் சொல்லித் தந்துகொண்டுதான் இருந்தார்கள். ஒரு விரலும் தொடாமல் வர்ணம் வரை வந்த பிள்ளைகள் என்னிடம் இருக்கிறார்கள். நேரில் இரண்டு வாரத்தில் வருகிற வில் பிடி திரையில் இரண்டு மாதம் எடுத்தது, அதையும் மறைப்பதற்கில்லை. தாமதமாக வந்தாலும் வந்தது.

இதில் நல்லெண்ணம் உள்ளவர்களிடையேயும் கருத்து வேறுபாடு உண்டு. பிரிட்டனில் இசைக் கலைஞர் சங்கம், தொடாமலே இசை சொல்லித் தரலாம், எப்போதும் வேறு வழி இருக்கிறது என்று ஆசிரியர்களுக்கு அறிவுறுத்தியது. 2010இல் அங்கே கல்வி அமைச்சராக இருந்த மைக்கேல் கோவ் அதை வெளிப்படையாக எதிர்த்தார்; ஆசிரியர்கள் எல்லோரையும் சந்தேகிக்க வைக்கிறது என்பது அவர் வாதம். என் மனம் சங்கத்தின் பக்கம் முக்கால், அமைச்சரின் பக்கம் கால். ஆனால் அந்தக் கால் பங்கும் சுண்டுவிரலோடு முடிந்துவிடுகிறது.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். எந்த அங்கத்தைத் தொட்டார் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பது தெரியாமல் போய்விடும். இசைக் கல்வி அமைந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். ஒரு ஆசிரியர், ஒரு மாணவி, சத்தம் வெளியே போகாத அறை, சாத்திய கதவு. அவளுடைய மேடை, பட்டம், நாளைய பிழைப்பு எல்லாம் அந்த ஒருவர் சொல்லும் ஒரு வார்த்தையில் தொங்குகின்றன. கணக்கு வாத்தியார் பிடிக்காவிட்டால் வேறு டியூஷன் போகலாம். "இன்னாரின் சிஷ்யை" என்ற பெயரை அப்படி மாற்றிக்கொள்ள முடியாது.

மான்செஸ்டரில் சீத்தம்ஸ் இசைப் பள்ளி என்று ஒன்று இருக்கிறது, பெயர்பெற்ற பள்ளி. அங்கே இசை இயக்குநராக இருந்த மைக்கேல் ப்ரூவர், 1970களின் இறுதியிலும் 80களின் தொடக்கத்திலும் ஒரு மாணவியிடம் செய்த பாலியல் குற்றங்களுக்காக 2013இல் ஆறு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அந்த மாணவி பிற்காலத்தில் வயலின் கலைஞரானவர். நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன சில நாட்களில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை. 2015இல் லண்டன் கில்ட்ஹால் இசைப் பள்ளியில் கற்பித்த பிலிப் பிக்கெட் என்பவருக்கு 11 ஆண்டு. அவர் குற்றம் செய்ததும் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, ஒலி புகாத பயிற்சி அறைகளில். பிரிட்டனில் சிறார் மீதான பாலியல் கொடுமைகளை விசாரித்த சுயேச்சை ஆணையம் 2022 மார்ச்சில் உறைவிடப் பள்ளிகள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. இசைப் பள்ளிகளைப் பற்றிப் பேசும்போது அது சுட்டியதும் தனிப் பாட முறையையும், ஆசிரியர்களுக்கு இசை உலகில் இருந்த செல்வாக்கையும்தான்.

வெள்ளைக்காரன் ஊர்க் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2018 அக்டோபரில் கர்நாடக இசை உலகிலும் பெண்கள் தங்களுக்கு நடந்த பாலியல் தொல்லைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். புகாருக்கு உள்ளான ஏழு கலைஞர்களைச் சென்னை மியூசிக் அகாதமி அந்த டிசம்பர் சீசனிலிருந்து விலக்கியது. 2023 மார்ச் இறுதியில், சென்னையில் நடனமும் இசையும் கற்பிக்கும் கலாக்ஷேத்ராவில் மாணவிகள் தரையில் உட்கார்ந்து போராடினார்கள்; ஏப்ரலில் ஓர் ஆசிரியர் கைது செய்யப்பட்டார். 1936இல் தொடங்கிய நிறுவனம் அது. அங்கேயே பிள்ளைகள் போராட்டத்தில் இறங்கித்தான் பேச வேண்டியிருந்தது என்றால், மாடி அறையில் தனியாக டியூஷன் எடுப்பவரிடம் ஒரு குழந்தை என்ன பேசிவிட முடியும்?

உங்கள் மாமியார் சொன்ன "சகஜம்" எனக்குப் புதிதல்ல. குருவை மதிப்பது வேறு, குருவிடம் நம் தோலை ஒப்படைப்பது வேறு. பழையவர்கள் இதில் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள். நன்னூல் மாணவனுக்கு வைத்த இலக்கணம் "அழலின் நீங்கான் அணுகான்" என்று தொடங்குகிறது. குளிர் காய்கிறவன் நெருப்பை விட்டு விலகவும் மாட்டான், ஒட்டிக்கொள்ளவும் மாட்டான். ஆசிரியர் எப்படி மகிழ்வாரோ அப்படி நடந்துகொள் என்று அதே நூற்பா சொல்கிறது. சொன்ன கையோடு, அறத்திலிருந்து பிறழாமல் என்று ஒரு கட்டும் போட்டுவிடுகிறது. குருபக்தி பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கட்டைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

என் கதையையும் சொல்கிறேன். 13 வயதில் நான் வாய்ப்பாட்டு கற்றுக்கொண்டிருந்தேன். ஆசிரியர் எங்கள் வீட்டுக்கே வருவார். அம்மா சமையலறையில் இருப்பார். "தாளம் நிற்கவில்லை" என்று என் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். முதல் வாரம் அம்மா காபி கொண்டுவந்தபோதும் கை அங்கேதான் இருந்தது. அம்மா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவே சொல்லவில்லை என்றால் இது சரிதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அந்தக் கை நகரத் தொடங்கியது. நான் யாரிடமும் சொல்லவில்லை; "பாட்டு வேண்டாம், வயலின் வேண்டும்" என்று அழுது அடம்பிடித்து நின்றுவிட்டேன். "உனக்கு எதிலும் பொறுமை கிடையாது" என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்கும் பந்துவராளி கேட்டால் எழுந்து போய்விடுவேன். அந்த ராகம் என்ன பாவம் செய்தது?

அம்மாவின் கண்ணெதிரில் தொட்டது தற்செயல் என்று அப்போது எண்ணினேன். ஆசிரியையான பிறகு, இப்படி நடந்தவர்களிடம் பேசிப் பார்த்ததில், பல கதைகளிலும் அது இருந்தது. முதல் தொடுகை பெரியவர்கள் முன்னிலையில்தான் நடக்கும். தலையில் தட்டுவது, கன்னத்தைக் கிள்ளுவது, தோளில் கை போடுவது. வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை என்பதைக் குழந்தையும் பார்க்கிறது, அவரும் பார்க்கிறார். கூடவே வேறு சிலவும் வரும். "இவளுக்கு மட்டும் தனியாக ஒரு மணி நேரம்", "சம்பளமே வேண்டாம், இவளுக்குச் சொல்லித் தருவது என் பாக்கியம்", "அடுத்த சீசனில் மேடை ஏற்றுகிறேன்", இரவு பத்து மணிக்குக் குழந்தையின் கைப்பேசிக்கே செய்தி, அப்பா அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று ஒரு சின்ன ரகசியம். இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளியாக்க முடியாது. இலவசமாகக் கற்றுக்கொடுத்த உத்தமர்களால்தான் இந்த இசை பிழைத்திருக்கிறது. ஆனால் தனிமையும் ரகசியமும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே வகுப்பை நிறுத்துங்கள்.

இனி உங்கள் வீட்டு விஷயம். முதலில் மகளிடம் பேசுங்கள், ஆசிரியரிடம் அல்ல. "அங்கே தொட்டாரா, இங்கே தொட்டாரா" என்று அடுக்காதீர்கள். குழந்தை மிரண்டு "இல்லை" என்று சொல்லிவிடும், அல்லது நீங்கள் விரும்புவதைச் சொல்லும். வகுப்பில் என்ன நடக்கிறது, எது பிடிக்கவில்லை என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். "ஏன் முன்பே சொல்லவில்லை" என்ற கேள்வி வாய் வரை வரும், விழுங்கிவிடுங்கள். அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதியோடு, அன்றைக்கே எழுதி வையுங்கள்.

பின்னால் உட்கார்ந்து கை பிடிப்பது அவளுக்குச் சங்கடம், அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை என்றால், ஆசிரியரிடம் நேரில் சொல்லுங்கள்: "எதிரில் உட்கார்ந்தே சொல்லிக் கொடுங்கள், கதவு திறந்திருக்கட்டும், நான் கூடத்தில் இருக்கிறேன்." அவர் எப்படிப்பட்டவர் என்பது அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். "அடடா, எனக்குத் தோன்றவில்லையே" என்று இடம் மாறி உட்காருபவரை நான் மதிப்பேன். "என்னையா சந்தேகப்படுகிறீர்கள், 40 வருஷ சர்வீஸ்" என்று பொங்குபவரிடமிருந்து அன்றே வயலினை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அவர் கெட்டவர் என்று அதனால் நிரூபணமாகிவிடாது. ஒரு குழந்தையின் சங்கடத்தைவிடத் தம் மானம் பெரிது என்று எண்ணுபவரிடம் அவளைத் தனியே விட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.

அதற்கு மேல் ஏதாவது அவள் சொன்னால், ஆசிரியரிடம் நியாயம் கேட்கப் போகாதீர்கள். போனால் செய்திகள் அழிக்கப்படும், வேறு பெரியவர்கள் சமாதானம் பேச வருவார்கள், "பெண் குழந்தை, பெயர் கெட்டுவிடும்" என்ற பாட்டு ஆரம்பமாகும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள், அல்லது காவல் நிலையம் செல்லுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட ஆண், பெண் குழந்தைகள் இருவருக்கும் பொருந்தும். பாலியல் நோக்கத்துடன் தொடுவதற்கு 3 முதல் 5 ஆண்டு சிறை. குழந்தையின் நம்பிக்கைக்கு உரிய இடத்தில் இருப்பவரோ கல்வி நிறுவன ஊழியரோ அதைச் செய்தால் 5 முதல் 7 ஆண்டு. துணிக்கு மேல் தொட்டால் இந்தப் பிரிவில் வராது என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021 ஜனவரியில் சொன்னது நினைவிருக்கலாம். அதே ஆண்டு நவம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பார்க்க வேண்டியது நோக்கத்தை, தோலோடு தோல் பட்டதா என்பதை அல்ல என்பதே தீர்ப்பின் சாரம்.

குழந்தையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலேயே வாங்கலாம். வருகிற காவலர் சீருடையில் இருக்கக்கூடாது. அவள் பெயரோ படமோ செய்தியில் வரக்கூடாது. இவை சலுகைகள் அல்ல, சட்டத்தில் எழுதியிருப்பவை, கேட்டு வாங்குங்கள். இன்னொன்றும் இருக்கிறது: குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது பெரியவர்களுக்குத் தண்டனைக்குரிய குற்றம். நிறுவனத் தலைவர் தம் கீழ் வேலை செய்பவரை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. சபா செயலாளர்களும் இசைப் பள்ளி நடத்துபவர்களும் இந்த வரியை இரண்டு முறை படிக்கலாம்.

18 வயது தாண்டிய மாணவிகளுக்கு வழி வேறு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இசைக் கல்லூரியிலோ நிறுவனத்திலோ, பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும்; சிறிய இடமென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகாரை எழுத்தில் தர வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம். காவல் நிலையத்தின் கதவு இதனால் மூடிவிடாது.

இத்தனையும் படித்துவிட்டு, வயலினே வேண்டாம் என்று நீங்கள் முடிவுகட்டிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. அதை உங்கள் மகள் முடிவு செய்யட்டும். நான் பாட்டை விட்டபோது என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. அவள் தொடர வேண்டும் என்றால், அடுத்த ஆசிரியரிடம் போகும்போது சம்பளத்தைக் கேட்பதற்கு முன் எங்கே உட்காரவைத்துச் சொல்லித் தருவார் என்று பாருங்கள். மற்றப் பிள்ளைகளும் இருக்கிற குழு வகுப்பு நல்லது. கொஞ்ச நாள் இடைவெளி வேண்டும் என்றால் அதுவும் சரிதான். மூன்று மாதத்தில் எல்லாம் மறந்துவிடாது. வயலினைப் பெட்டியில் வைக்கும்போது வில்லின் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்திவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கட்டை வளைந்துவிடும்.